தாலுகா நிருபர் கைதானால்: ஊடகச் சுதந்திரத்தைக் காக்க ஊர்க் குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஊடகச் சுதந்திரம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவை பெரிய பத்திரிகைகளின் வழக்குகளே. 1987இல் அட்டையில் வெளியான ஒரு நகைச்சுவைத் துணுக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தபோது, நாடெங்கும் எழுந்த எதிர்ப்பின் காரணமாக அவர் சில நாட்களிலேயே விடுவிக்கப்பட்டார். 2003 நவம்பர் 7 அன்று தி இந்து நாளிதழைச் சேர்ந்த ஐவருக்கும் முரசொலி ஆசிரியருக்கும் சட்டமன்றம் 15 நாள் சிறை விதித்தபோது, நவம்பர் 10 அன்றே உச்ச நீதிமன்றம் கைதுக்குத் தடை விதித்தது. இரண்டு நேர்வுகளிலும் பின்னால் நிறுவனம் இருந்தது, மூத்த வழக்கறிஞர்கள் இருந்தார்கள், டெல்லி வரை செய்தி போயிற்று. ஆற்று மணல் லாரிகளைப் பற்றியும் புறம்போக்கு நிலத்தில் எழும் கட்டடத்தைப் பற்றியும் எழுதுகிற தாலுகா நிருபருக்கு இவற்றில் ஒன்றும் இருப்பதில்லை. பலருக்கு நியமனக் கடிதம்கூடக் கிடையாது. அடையாள அட்டையும் விளம்பரக் கமிஷனும்தான் அவருடைய உத்தியோகம். சிக்கல் வந்தால் 'அவர் எங்கள் முழுநேர ஊழியர் அல்லர்' என்று நிறுவனமே ஒதுங்கிக்கொள்ளவும் கூடும்.

இந்தக் குறிப்புகள் அந்த நிருபரின் ஊரில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. வாசகர் வட்டம், நுகர்வோர் அமைப்பு, தகவல் உரிமை ஆர்வலர்கள், எழுத்தாளர் சங்கத்தின் கிளை, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், இரண்டொரு வழக்கறிஞர்கள் என்று மாவட்டங்களில் குடிமைச் சமூகம் எனப்படுவது இவர்களைத்தான் குறிக்கும். கண்டன அறிக்கை சென்னையிலிருந்து வந்துவிடும். நீதித்துறை நடுவரின் வீட்டு வாசலில் இரவு பதினொரு மணிக்கு நிற்பதற்கு உள்ளூர்க்காரர்தான் வேண்டும்.

ஜாமீன்தாரர் பட்டியலிலிருந்து தொடங்குதல்

ஒரு குழு அமைந்தவுடன் பெயர்ப்பலகை, கொள்கை அறிக்கை, தொடக்க விழா ஆகியவற்றைப் பற்றிப் பேசத் தோன்றும். அவற்றையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு, யாரெல்லாம் ஜாமீன் கையெழுத்துப் போட முன்வருவார்கள் என்ற கேள்வியை முதல் கூட்டத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. அந்தக் கேள்விக்குப் பிறகு மீந்திருப்பவர்களே குழு.

இதற்கு ஒரு காரணம் உண்டு. கேரளச் செய்தியாளர் சித்திக் காப்பன் ஹாத்ரஸுக்குச் செல்லும் வழியில் 2020 அக்டோபர் 5 அன்று உத்தரப் பிரதேசத்தில் கைதானார். கேரளப் பத்திரிகையாளர் சங்கம் மறுநாளே உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தது. ஒரு தொழிற்சங்கம் அவ்வளவு விரைவாக நடந்துகொண்டது பாராட்டுக்குரியது. ஆயினும் 2022 செப்டம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் ஜாமீன் வழங்கிய பிறகும், அந்த மாநிலத்தில் அவருக்காகப் பிணை நிற்க ஆள் கிடைப்பது எளிதாக இல்லை. லக்னோ பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் ரூப் ரேகா வர்மா, எண்பது வயதை நெருங்கிய நிலையில், தம்முடைய காரின் ஆவணங்களைக் கொடுத்து, முன்பின் அறியாத அந்த மனிதருக்காகப் பிணை நின்றார். இன்னொரு வழக்கிலும் ஜாமீன் கிடைத்த பிறகே, 2023 பிப்ரவரி 2 அன்று காப்பன் வெளியே வந்தார். நூறு பேர் கையொப்பமிட்ட கண்டனத்தைக் காட்டிலும் அந்த ஒரு கார் ஆவணம் வழக்கில் கூடுதலாக உதவியது என்பதே என் கருத்து.

நம் நீதிமன்றங்களில் இது எப்படி நடக்கிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். ஜாமீன் உத்தரவில் பொதுவாக ஒரு குறிப்பிட்ட தொகைக்குச் சொந்தப் பிணையும், அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர்களும் கேட்கப்படுவார்கள். சில உத்தரவுகளில் இருவரில் ஒருவர் ரத்த உறவினராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேரும். ஜாமீன்தாரர் நேரில் வந்து, பிணைப்பத்திரத்தில் தம் புகைப்படத்தை ஒட்டி, இடது பெருவிரல் ரேகையைப் பதித்து, ஆதார் அட்டை அல்லது வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகலைக் கொடுக்க வேண்டும். வீட்டு வரி ரசீது, பட்டா, வாகனப் பதிவுச் சான்று ஆகியவற்றில் எதை அந்த நீதிமன்றம் வழக்கமாக ஏற்கிறது என்பதை உள்ளூர் வழக்கறிஞரின் குமாஸ்தாவிடம் முன்கூட்டியே கேட்டுவைத்தால் ஒரு நாள் மிச்சமாகும். மாலை நான்கரைக்கு ரசீது போதாது என்று தெரியவந்தால் நிருபர் இன்னும் ஓர் இரவு உள்ளே இருப்பார். மறுநாள் சனிக்கிழமையாக இருந்தால் இரண்டு இரவுகள் கூடும்.

முன்வருபவர்களிடம் பொறுப்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நிருபர் தலைமறைவானாலோ வாய்தாவுக்கு வராமல் போனாலோ பிணைத்தொகையை ஜாமீன்தாரரிடமிருந்து வசூலிக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். இதை அறிந்த பிறகும் சம்மதிக்கிற ஆறேழு பேர் போதும். அவர்களுடைய ஆவண நகல்களை ஒரே உறையில் இட்டு, குழுவின் வழக்கறிஞரிடம் கொடுத்துவைக்க வேண்டும்.

பணமும் பதிவும்

சங்கமாகப் பதிவு செய்தால்தான் இயங்க முடியும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கூடிப் பேசுவதும் மனுக் கொடுப்பதும் அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு தந்த உரிமைகள். ஆனால் நிதி திரட்டத் தொடங்கினால் வங்கிக் கணக்கும் வரவுசெலவு ஏடும் வேண்டும். அவை இல்லாத குழுவை முடக்க எதிர்த்தரப்புக்கு ஒரே ஒரு புகார் போதுமானது. வெளிநாட்டுப் பணத்தைத் தொடவே கூடாது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 3ஆவது பிரிவு, செய்தித்தாள்களின் நிருபர், பத்தி எழுதுபவர், கேலிச்சித்திரக்காரர், ஆசிரியர், உரிமையாளர் ஆகியோர் அந்த நன்கொடையைப் பெறுவதையே தடைசெய்கிறது. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் ஊர்க்காரர் நல்லெண்ணத்தில் அனுப்பும் தொகையும்கூட, அவருடைய குடியுரிமையைப் பொறுத்து, இதற்குள் வரக்கூடும் என்பதால் கணக்காளரைக் கேட்காமல் ஏற்க வேண்டாம்.

தேவைப்படுவதும் பெருந்தொகை அன்று. மனு, நகல், போக்குவரத்துச் செலவு, நிருபர் உள்ளே இருக்கும் நாட்களில் குடும்பத்துக்கு மளிகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஆகியவற்றுக்கு ஆகும் அளவு கையில் இருந்தால் போதும். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி பெறும் உரிமையைச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987 தருகிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தையும் 15100 என்ற உதவி எண்ணையும் இதற்கு அணுகலாம்.

மிரட்டல் வரும் கட்டத்தில்

கைது ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. அதற்கு முன் தொலைபேசி மிரட்டல், பின்தொடரும் இருசக்கர வாகனம், டீக்கடையில் 'பார்த்து எழுதச் சொல்லுங்கள்' என்று யாரோ சொல்லிவிட்டுப் போவது ஆகியவை நடந்திருக்கும். 2024 ஜனவரியில் பல்லடம் அருகே ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளர், தம்மை ஒரு கும்பல் பின்தொடர்வதை உணர்ந்து காவல்துறையைத் திரும்பத் திரும்பத் தொலைபேசியில் அழைத்தார். பாதுகாப்பு வருவதற்கு முன் அரிவாள்கள் வந்துவிட்டன. அவர் படுகாயத்துடன் உயிர் பிழைத்தார். காவல்துறையினருடன் அவர் பேசிய பேச்சின் ஒலிப்பதிவு வெளியே வந்ததால்தான் காவல் ஆய்வாளர் மீது துறை நடவடிக்கை எடுக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. அந்த ஒலிப்பதிவு இல்லாதிருந்தால் 'உரிய நேரத்தில் தகவல் வரவில்லை' என்ற ஒரு வரியோடு கோப்பு மூடப்பட்டிருக்கும்.

ஆகவே மிரட்டல் வந்த முதல் நாளிலேயே நாள், நேரம், எண், சொன்ன சொற்கள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதச் செய்ய வேண்டும். அதன் பிறகு எழுத்துப்பூர்வமான புகாரை நிலையத்தில் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் வெளியே வரக் கூடாது. நிருபர் தனியாகப் போனால் 'விசாரிக்கிறோம், போங்கள்' என்பதோடு முடியும். மூன்று பேர் போனால் ரசீது கிடைக்கும். இதை உளவியல் என்றோ நடைமுறை என்றோ எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். புகாரில் உள்ள குற்றம் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கதாக இருந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தற்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 173ஆவது பிரிவு, மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் 14 நாட்கள் முதற்கட்ட விசாரணைக்கு இடம் தருகிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நிலையத்தில் மறுத்தால் பதிவுத் தபாலில் காவல் கண்காணிப்பாளருக்கும், அங்கும் பயனில்லையெனில் நீதித்துறை நடுவருக்கும் போகலாம். தபால் ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். பின்னாளில் அந்தச் சிறு தாள் பெரிய சாட்சியாகும்.

அமைதிப் பேச்சுவார்த்தை என்னும் வலை

மிரட்டலுக்கும் வழக்குக்கும் இடையில் மூன்றாவது ஒரு வழி நம் மாவட்டங்களில் உண்டு. சாதிச் சங்கமோ மத அமைப்போ ஊர்ப் பெரியவர்களோ திரண்டு வந்து நிற்பார்கள். வருவாய்த் துறை அலுவலர் சட்டம் ஒழுங்கின் பெயரால் இரு தரப்பையும் 'அமைதிப் பேச்சுவார்த்தை'க்கு அழைப்பார். எழுதியவர் நிபந்தனையற்ற மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டுவிட்டு வீடு திரும்புவார். 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் எழுத்தாளர் பெருமாள்முருகனுக்கு நேர்ந்தது இதுதான். அவரைக் கையெழுத்திட வைத்த அமைப்புகளும் சங்கங்களும் ஊர்க் குழுக்களுமே; குடிமைச் சமூகம் என்றால் எப்போதும் சுதந்திரத்தின் பக்கமே நிற்கும் என்று நம்புகிறவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். மறுபுறம், சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அந்தக் கையெழுத்தைக் கொண்டுசென்றவரும் பெருமாள்முருகன் அல்லர்; தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் சார்பில் ச. தமிழ்ச்செல்வன் மனுதாரராக நின்றார். அந்தப் பேச்சுவார்த்தையின் முடிவு யாரையும் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலை 5 அன்று தீர்ப்பு வந்தது. பாதிக்கப்பட்டவர் மனம் தளர்ந்திருக்கும்போது அவருக்காக இன்னொருவர் மனுதாரராக நிற்க முடியும் என்பது ஊர்க் குழுக்கள் நன்றாக மனத்தில் வைக்க வேண்டிய செய்தி.

நிருபருக்கு இப்படி ஓர் அழைப்பு வந்தால் அதை எழுத்தில் கேட்க வேண்டும். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் அழைக்கப்படுகிறார் என்று பணிவாகவும் எழுத்திலும் வினவ வேண்டும். போக நேர்ந்தால் வழக்கறிஞருடனும் குழுவினர் இருவருடனும் போக வேண்டும். அங்கே எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம். 'படித்துப் பார்த்து நாளை பதில் தருகிறேன்' என்ற ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லப் பழக்கிவிடுங்கள். செய்தியில் உண்மையாகவே பிழை இருந்தால் அதைத் திருத்தி வெளியிடும் கடமை நிருபருக்கும் ஆசிரியருக்கும் உண்டு. அந்தத் திருத்தம் பத்திரிகையில் வர வேண்டியது, வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுதித் தர வேண்டியதன்று.

சம்மனும் கைபேசியும்

'ஸ்டேஷனுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க' என்ற தொலைபேசி அழைப்பு சட்டப்படியான சம்மன் ஆகாது. சாட்சியாக அழைப்பதானால் பி.என்.எஸ்.எஸ். 179ஆவது பிரிவின்கீழும், குற்றம் சாட்டப்பட்டவராக அழைப்பதானால் 35(3)இன்கீழும் எழுத்துப்பூர்வமான அறிவிப்புத் தேவை. சாட்சிகளில் பெண்களையும் 60 வயதைக் கடந்தவர்களையும் நிலையத்துக்கு வரக் கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் இருக்கும் இடத்துக்கே காவலர் வர வேண்டும். அவதூறு தொடர்பான புகார் என்று சொல்லி அழைத்தால், தற்போதைய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.ஸின் 356ஆவது பிரிவின்கீழ் வரும் அவதூறு காவல்துறை நேரடியாக வழக்குப் பதிவு செய்யக்கூடிய குற்றமே அன்று என்பதையும், பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்தில் தனிப் புகார் தாக்கல் செய்ய வேண்டும் என்பதையும் வழக்கறிஞர் மூலம் சொல்லலாம். இந்த ஒரு விஷயம் தெரியாமல் நிலையத்தில் நாள் முழுவதும் பெஞ்சில் உட்கார வேண்டி வருகிறது.

கைபேசியைக் கேட்கும்போதுதான் நிருபரின் தொழிலே ஆபத்துக்குள்ளாகிறது. அதற்குள் இருப்பவை அவருடைய படங்கள் மட்டுமல்ல; நம்பித் தகவல் தந்த கிராம நிர்வாக அலுவலரின் எண்ணும், ஊராட்சிச் செயலரின் குரல் பதிவும் அங்கே இருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகப் பாலியல் வன்கொடுமை வழக்கின் முதல் தகவல் அறிக்கை கசிந்தது குறித்து விசாரித்த சிறப்புப் புலனாய்வுக் குழு 2025 ஜனவரியில் செய்தியாளர்களின் கைபேசிகளைப் பறிமுதல் செய்தபோது பத்திரிகையாளர் அமைப்புகள் கண்டனம் தெரிவித்தன. செய்தியாளர்கள் உயர் நீதிமன்றத்தை நாடினர். பிப்ரவரி தொடக்கத்தில் கைபேசிகளைத் திருப்பித் தர உத்தரவு வந்தது. சாதனங்களைப் பறிமுதல் செய்வதற்கு நெறிமுறைகள் வேண்டும் என்று ஊடகத் தொழில்முறையாளர்களின் அறக்கட்டளை ஒன்று தொடுத்த வழக்கில், 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசை நெறிமுறை வகுக்கச் சொன்னது. தகவல் தந்தவரைக் காட்டிக்கொடுக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று பிரஸ் கவுன்சில் சட்டத்தின் 15(2)ஆவது பிரிவு கூறுகிறது என்றாலும் அது கவுன்சிலின் விசாரணைக்கு மட்டுமே நேரடியாகப் பொருந்துகிறது. அதை முழுக் கவசமாக நம்பிவிடக் கூடாது.

நடைமுறையில் செய்ய வேண்டியவை: எழுத்துப்பூர்வமான உத்தரவையும் பறிமுதல் செய்தவற்றை எழுதும் மகஜரின் நகலையும் கேட்பது, சோதனையும் பறிமுதலும் காணொளியாகப் பதிவு செய்யப்பட வேண்டும் என்ற பி.என்.எஸ்.எஸ். 105ஆவது பிரிவை நினைவூட்டுவது, கருவியின் எண்களை மகஜரில் எழுதச் செய்வது, வழக்கறிஞரைக் கேட்காமல் கடவுச்சொல்லைச் சொல்லாதிருப்பது. இவை நடக்கும்போது குழுவினர் வாக்குவாதம் செய்ய வேண்டாம். ஓரமாக நின்று நேரத்தைக் குறித்துக்கொண்டால் போதும். தள்ளுமுள்ளு நேர்ந்தால் அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாகப் புதிய வழக்கு ஒன்று சேர்ந்துகொள்ளும். அப்போது ஒரு நிருபருக்குத் தேட வேண்டிய ஜாமீன் ஐந்து பேருக்குத் தேவைப்படும்.

கைதான முதல் 24 மணி நேரம்

வெள்ளிக்கிழமை மாலைக் கைதுகளைப் பற்றி நீதிமன்ற வளாகங்களில் எல்லோரும் அறிவார்கள். சனி, ஞாயிறு விடுமுறையில் ஜாமீன் மனு விசாரணைக்கு வராது என்பதுதான் அதிலுள்ள கணக்கு. எனவே தகவல் வந்த உடனே வேலைகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஒருவர் நிலையத்துக்குப் போக வேண்டும். கைதானவர் அங்கே இல்லை என்று சொன்னால் மாவட்டக் காவல் கட்டுப்பாட்டு அறையைக் கேட்க வேண்டும். கைதானவர்களின் விவரத்தை ஒவ்வொரு நிலையத்திலும் மாவட்டத் தலைமையகத்திலும் பராமரிக்க ஓர் அலுவலர் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இன்னொருவர் வழக்கறிஞருடன் இருக்க வேண்டும். வழக்கறிஞரை நியமிக்கும் வக்காலத்தில் நிருபரின் கையெழுத்தை வாங்குவதும், அவரை எந்த நடுவர் முன் நிறுத்தப்போகிறார்கள் என்று அறிவதும் அவர்கள் பொறுப்பு. மூன்றாமவர் குடும்பத்தினருடன் வீட்டில் இருக்க வேண்டும். இந்த வேலையை யாரும் விரும்பி ஏற்பதில்லை; ஆனால் நள்ளிரவில் வீட்டுக்கு வந்து 'எழுதிக் கொடுத்துவிட்டால் விட்டுவிடுவார்கள்' என்று சமரசம் பேசும் நலம்விரும்பிகளிடமிருந்து அந்தக் குடும்பத்தைக் காப்பவர் இவர்தான்.

கைதின் காரணத்தை எழுத்தில் தந்தார்களா என்பதே முதலில் எழுப்ப வேண்டிய கேள்வி. நியூஸ்கிளிக் நிறுவனர் பிரபீர் புர்காயஸ்தா 2023 அக்டோபரில் கைதான வழக்கில், காரணங்கள் எழுத்தில் வழங்கப்படாததைச் சுட்டிக்காட்டி அந்தக் கைதே செல்லாது என்று 2024 மே 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏழு ஆண்டுகள் வரை மட்டுமே தண்டனை உள்ள குற்றங்களில் இயந்திரத்தனமாகக் கைது செய்யக் கூடாது என்ற 2014ஆம் ஆண்டின் அர்னேஷ் குமார் தீர்ப்பும் கையில் இருக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை நடந்ததா, உடலில் காயம் இருந்தால் அது பதிவானதா என்பதை நடுவரிடம் நிருபரே வாய்திறந்து சொல்ல வேண்டும். சாத்தான்குளத்துக்குப் பிறகு இதன் அவசியத்தைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

காவலுக்கு அனுப்பும் கட்டத்திலேயே எதிர்த்து வாதாடினால் பயன் உண்டு. 2018 அக்டோபர் 9 அன்று நக்கீரன் ஆசிரியர் கோபால், ஆளுநரைப் பற்றிய செய்திகளுக்காக ஆளுநர் போன்றோரைத் தாக்கிப் பணியைத் தடுப்பதற்கு எதிரான, அன்றைய தண்டனைச் சட்டத்தின் 124ஆவது பிரிவில் கைது செய்யப்பட்டு எழும்பூர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அங்கே பத்திரிகையாளர்களின் சார்பில் மூத்த இதழாளர் என். ராம் கருத்துரைக்க அனுமதிக்கப்பட்டார். அந்தப் பிரிவு இதற்குப் பொருந்தாது என்ற வாதத்தைக் கேட்ட நடுவர், அவரைக் காவலுக்கு அனுப்ப மறுத்தார். கோபால் அன்றே வெளியே வந்தார். தாலுகா நிருபருக்கு என். ராம் வர மாட்டார். ஆனால் ஊரின் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் மருத்துவரும் நீதிமன்ற அறையில் அமைதியாக உட்கார்ந்திருப்பது, நிற்பவர் ஆளில்லாதவர் அல்லர் என்பதை அந்த அறையில் இருக்கும் எல்லோருக்கும் உணர்த்தும்.

யாருக்காக நிற்கிறோம்

இந்தப் பகுதியைத் தவிர்த்துவிட்டு எழுதப்படும் வழிகாட்டிகளை நான் நம்புவதில்லை. உள்ளூர் நிருபர்கள் மீது அடிக்கடி சுமத்தப்படும் குற்றச்சாட்டு, செய்தி போடாமலிருக்கப் பணம் கேட்டு மிரட்டினார் என்பது. சில நேரங்களில் அது பொய், சில நேரங்களில் அது மெய். சம்பளம் தராமல் விளம்பரக் கமிஷனில் வாழச் சொல்லும் நிறுவனங்களே இந்தக் குழப்பத்துக்குக் காரணம். விளம்பரம் கேட்டுப் போன மனிதரை மிரட்டிப் பணம் கேட்டவராகக் காட்டுவது எளிது, மிரட்டிப் பணம் கேட்டவர் விளம்பரம் கேட்டதாகச் சொல்லித் தப்புவதும் அதே அளவு எளிது. 'பிரஸ்' என்று வண்டியில் ஒட்டிக்கொண்டு கல்குவாரிக்குக் குவாரி ஏறி இறங்குகிறவர்களை ஊர் அறியும்.

எனவே அறிக்கை விடுவதற்கு முன் சில மணி நேரம் செலவிட்டு நான்கைந்து விவரங்களைச் சரிபார்க்க வேண்டும். கைதுக்கு முன் வெளியான செய்தி எது, அது வெளியானதற்கும் புகார் தேதிக்கும் எத்தனை நாள் இடைவெளி, புகார்தாரர் அந்தச் செய்தியில் வருகிறாரா, பணம் கைமாறியதற்கு ஆவணம் ஏதும் உண்டா, செய்தி வெளியாகி வாரக்கணக்கில் ஆன பிறகு திடீரென்று புகார் வந்ததா என்பவற்றை முதல் தகவல் அறிக்கையின் நகலோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் நிலைமை புரிந்துவிடும். மிக உணர்வுபூர்வமான வழக்குகள் நீங்கலாக, முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்ற 2016ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்ற உத்தரவு இருப்பதால் நகல் பெறுவது இன்று கடினமில்லை.

சரிபார்த்த பிறகும் ஐயம் தீரவில்லையெனில், குற்றச்சாட்டைப் பற்றிக் கருத்துச் சொல்லாமல் சட்ட நடைமுறையை மட்டும் வலியுறுத்தலாம்: காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும், வழக்கறிஞரைச் சந்திக்க அனுமதிக்க வேண்டும், அடிக்கக் கூடாது. இது எவருக்கும் உரியது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரை வெளியிட்டது போன்ற நேர்வில் செய்தியையும் சேர்த்து ஆதரிக்க வேண்டிய கடமை எந்தக் குழுவுக்கும் இல்லை.

அறிக்கை, ஆர்ப்பாட்டம், ஆணையங்கள்

அறிக்கை ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நடந்தது என்ன, எந்தப் பிரிவுகள், எது சட்டத்துக்கு முரண், என்ன கோருகிறோம் என்ற நான்குக்கும் இடம் இருந்தால் போதும். 'ஜனநாயகத்தின் நான்காவது தூண்' என்று தொடங்கும் அறிக்கையை எந்த உதவி ஆசிரியரும் இரண்டாவது பத்திக்கு மேல் படிப்பதில்லை. கட்சிகளின் ஆதரவு வரும்போது வேண்டாம் என்று சொல்ல இயலாது. ஆனால் எதிர்க்கட்சியாக இருக்கையில் பத்திரிகைச் சுதந்திரத்துக்காகக் குரல் கொடுத்தவர்கள் ஆட்சிக்கு வந்ததும் அவதூறு வழக்குப் போடுவதைத் தமிழ்நாடு மாறி மாறிக் கண்டிருப்பதால், மேடையையும் அறிக்கையையும் குழுவே வைத்துக்கொள்வது நல்லது.

ஆர்ப்பாட்டத்துக்கு நாட்கள் முன்னதாகவே எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும். மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்க வேண்டும்.

மாநில மனித உரிமை ஆணையத்துக்கு நிகழ்வு நடந்த ஓராண்டுக்குள் மனு அனுப்பலாம். பிரஸ் கவுன்சில் பத்திரிகைகளுக்கும் செய்தி நிறுவனங்களுக்கும் மட்டுமே உரியது. தொலைக்காட்சியும் இணையச் செய்தித்தளமும் அதன் வரம்புக்குள் வராது. தண்டிக்கும் அதிகாரமும் அதற்கு இல்லை. 2020 ஏப்ரலில் கொரோனா காலச் செய்திகளுக்காகக் கோவையில் ஓர் இணையச் செய்தித்தளத்தின் நிறுவனர் கைதானபோது பத்திரிகையாளர் சங்கங்களும் வழக்கறிஞர்களுமே அவர் பக்கம் நின்றார்கள். இணையத்தில் எழுதுபவரும் யூடியூப் நடத்துபவரும் 'உண்மையான பத்திரிகையாளரா' என்ற விவாதத்தில் குழு நேரத்தைச் செலவிட வேண்டாம். பேச்சுரிமையைத் தரும் 19(1)(அ) பிரிவில் பத்திரிகை என்ற சொல்லே இல்லை. அது குடிமக்கள் எல்லோருக்கும் தரப்பட்ட உரிமை.

பெண் செய்தியாளர்களுக்கு எதிரான இணையத் தாக்குதலில் சான்றைப் பாதுகாப்பதே தலையாய வேலை. திரைப்பிடிப்பு மட்டும் போதாது. பதிவின் முழு முகவரி, கணக்கின் பெயர், தேதி, நேரம் ஆகியவற்றையும் சேர்த்து எடுக்க வேண்டும். மின்னணுச் சான்றை நீதிமன்றம் ஏற்பதற்குச் தற்போதைய பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63(4)ஆவது பிரிவின்படி சான்றிதழ் தேவை என்பதால், எடுத்த கருவியை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். அருவருப்பான அந்தப் பதிவுகளைப் பாதிக்கப்பட்டவரே உட்கார்ந்து சேகரிக்கும்படி விடக் கூடாது. குழுவில் இன்னொரு பெண் அந்த வேலையை ஏற்பது பெரிய உதவி.

வாய்தா

ஜாமீனில் வெளிவந்த அன்று மாலையோடு பெரும்பாலான குழுக்கள் கலைந்துவிடுகின்றன. அதன் பிறகுதான் நிருபர் தினமும் காலை 10.30 மணிக்கு நிலையத்தில் கையெழுத்துப் போடத் தொடங்குகிறார். அந்த நேரத்தில் செய்தி சேகரிக்கப் போக முடியாது; கலெக்டர் அலுவலகக் கூட்டமும் ஒன்றியக் கூட்டமும் அப்போதுதான் நடக்கும். சில வாரங்கள் ஆனவுடன் நிபந்தனையைத் தளர்த்தக் கோரும் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதை ஜாமீன் கிடைத்த நாளிலேயே நாட்காட்டியில் குறித்துவிட வேண்டும். காவலில் இருந்தே வெளிவராத நிலையில், குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லையென்றால் ஜாமீன் கேட்பது உரிமையாகிவிடும்; அந்தத் தேதியைத் தவறவிட்டு, மறுநாள் குற்றப்பத்திரிகை வந்து வாய்ப்பை இழந்தவர்கள் உண்டு.

தீர்ப்பு கிடைத்தாலும் கவனம் தேவைப்படும். இணையத்தில் புண்படுத்தும் பதிவுகளைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிறகும் காவல் நிலையங்கள் அதே பிரிவில் வழக்குப் பதிவு செய்துகொண்டே இருந்தன. மக்கள் சிவில் உரிமைக் கழகம் அதைத் திரட்டி மீண்டும் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்ற பிறகே, 2022 அக்டோபரில் அந்தப் பிரிவில் எவர்மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்ற வெளிப்படையான உத்தரவு வந்தது. ஏழு ஆண்டுகள் முன்பே இறந்துபோன பிரிவு அது.

ஆகவே வழக்குக்கென ஓர் ஏடு போட்டு, அடுத்த வாய்தா தேதி, நீதிமன்றம், அன்று நடந்தது, அன்று உடன் சென்றவரின் பெயர் ஆகியவற்றை எழுதிவர வேண்டும். உடன் செல்பவரை முறைவைத்து மாற்ற வேண்டும். எப்போதும் ஒரே ஆளை அனுப்பினால் ஆறாவது வாய்தாவில் அவரும் வர மாட்டார். வழக்கு ரத்தானால் கைபேசியையும் கேமராவையும் திரும்பப் பெறத் தனி மனு வேண்டும், ஜாமீன்தாரர்களின் அசல் ஆவணங்களை நீதிமன்ற அலுவலகத்திலிருந்து கேட்டு வாங்க வேண்டும், அவற்றை உரியவரிடம் ஒப்படைத்து ஏட்டில் கையெழுத்துப் பெற வேண்டும். வேறொரு நிருபருக்கு அடுத்த முறை பிணை நிற்க அந்த ஆவணங்கள் தேவைப்படும்.